பலகையின் மேல் எழுந்து நிற்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பட்டம் விட்டுப் பார்க்காத பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்க மாட்டார்கள். பழைய செய்தித்தாள், இரண்டு ஈர்க்குக் குச்சி, கொஞ்சம் சோற்றுப் பசை இவை போதும். நாம் தரையில் நின்று நூலைப் பிடித்திருப்போம். பட்டம் வானத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டம் பெரிதாகி, நம்மையே இழுத்துக்கொண்டு கடலின்மேல் ஓடினால் எப்படி இருக்கும்? அந்த விளையாட்டுக்குத்தான் 'கைட் சர்ஃபிங்' என்று பெயர். காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு வார்க்கச்சை, தலைக்கு மேலே ஒரு பெரும் பட்டம். எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை, காற்று ஒன்றுதான்.

சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில் நான் இதைக் கற்கத் தொடங்கினேன். பள்ளி திறந்ததும் தோழியர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தண்ணிக்குள்ள கிடக்கிற நீ அந்தப் பலகை மேல எப்படிடி எழுந்து நிக்கிற?" வகுப்பில் பதில் சொல்லி முடியவில்லை. ஆகவே ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இராமேசுவரம் தீவில் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் உள்ளதை வடகடல் என்போம். மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ளதைத் தென்கடல் என்போம். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். சோழகம் வீசத் தொடங்கினால் நேர்மாறு. ஆண்டில் பெரும்பகுதி ஏதாவது ஒரு காற்று விடாமல் வீசிக்கொண்டே இருப்பதால்தான் இந்த விளையாட்டுக்காரர்கள் எங்கள் தீவைத் தேடி வந்தார்கள். முதலில் அந்த வண்ணப் பட்டங்களைப் பார்த்தபோது நாங்கள் சிறு பிள்ளைகள். கரையில் நின்று வாயைப் பிளந்து பார்ப்போம். பிறகு என் சித்தப்பா ஒரு பயிற்சி இடத்தில் பாதுகாப்புப் படகு ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அவரால்தான் எனக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தது. இல்லாவிட்டால் இதற்கு ஆகும் செலவுக்கு எங்கள் வீட்டில் யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் எளிதில் அனுமதி கிடைத்துவிடவில்லை. அப்பாயி ஒரேயடியாக மறுத்துவிட்டார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அவர் சிறுமி. பாம்பனிலிருந்து சென்ற ரயில்வண்டி பயணிகளோடு கடலில் போனதும், ஊரே மணலாகிப் போனதும் அவர் பிஞ்சு வயதில் காதால் கேட்டு வளர்ந்த செய்திகள். கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கோயில் சுவரைத் தாண்டிப் போகும்போது இன்றும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். "காத்தோட என்னடி விளையாட்டு?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அம்மாவோ வேறு மாதிரி. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மூச்சை அடக்கிப் பாறைக்கு அடியில் முங்கிப் பாசி பறிப்பவர். "நான் கடலுக்குப் போகலியா? அவளும் போகட்டும். ஆனா நீச்சல் நல்லாத் தெரியணும்" என்றார். பெற்றோர் எவரேனும் இதைப் படித்தால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். கடற்கரையில் பிறந்தும் நீச்சல் அறியாத பெண்பிள்ளைகள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்!

உடையைப் பற்றியும் வீட்டில் பேச்சு எழுந்தது. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை நீண்ட கால்சட்டை, அதன்மேல் உயிர்காப்பு மேலாடை, தலைக்கவசம், காலில் ரப்பர் செருப்பு. இவ்வளவையும் போட்டபின் அப்பாயிக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. வெயிலுக்கும், சொறிமீனுக்கும், காலில் குத்தும் கடல் முள்ளெலிக்கும் அந்த உடைதான் பாதுகாப்பு.

இந்த விளையாட்டின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். பட்டத்தைக் கொண்டு இழுக்க வைக்கும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் போகாக் என்னும் பள்ளி ஆசிரியர் 1826ஆம் ஆண்டில் பட்டங்கள் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தம் மகளையே நாற்காலியில் அமர்த்திப் பட்டத்தால் மேலே தூக்கிக் காட்டினாராம்! (நம் பள்ளியில் எந்த ஆசிரியையும் இதைச் செய்துவிடக் கூடாது.) 1903இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆனால் இவற்றில் எல்லாம் ஒரு குறை இருந்தது. பட்டம் தண்ணீரில் விழுந்தால் நனைந்து மூழ்கிவிடும்; மீண்டும் எழுப்ப முடியாது. பிரான்சு நாட்டின் பிரித்தானி கடற்கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகெய்னு என்னும் சகோதரர்கள் இதற்கு வழி கண்டார்கள். பட்டத்தின் முன்விளிம்பிலும் குறுக்கிலும் காற்றடைத்த குழாய்களை வைத்தார்கள். சைக்கிள் ட்யூப் போலப் பம்பினால் காற்றடித்தால் பட்டம் தன் வளைவை விடாது, விழுந்தாலும் மிதக்கும். அதற்கு 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1990களின் பிற்பகுதியில் ஹவாயித் தீவுகளில் இது விளையாட்டாக வளர்ந்தது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம் பெற்றது. போட்டி மார்செய் நகரக் கடலில் நடந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் இங்கிலாந்தின் எல்லி ஆல்ட்ரிட்ஜ். ஆண்கள் பிரிவில் வெண்கலம் பெற்ற சிங்கப்பூரின் மேக்ஸ் மேடருக்கு அப்போது வயது 17தான். இதைவிட எனக்கு வியப்பளித்தவர் ஸ்பெயின் நாட்டு கிசெலா புலிடோ. அவர் 2004இல் உலக வாகையர் ஆனபோது வயது 10! அப்பாயியிடம் இதைச் சொன்னேன். "அவ அப்பாயி சும்மா விட்டாளா?" என்று கேட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பிடித்த பட்டம் 7 சதுர மீட்டர். மூன்று கட்டில்களை ஒட்டிப் போட்டால் எவ்வளவு இடமோ அவ்வளவு. உடல் கனமானவர்களுக்கு 9, 12 என்று பெரிய பட்டம் தருவார்கள். காற்று மிகுந்தால் சிறிய பட்டம். பட்டத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் நீண்ட நான்கு கயிறுகள் வந்து ஒரு கோலில் சேர்கின்றன. அந்தக் கோலை எல்லாரும் 'பார்' என்றுதான் சொல்கிறார்கள். நடுவிலுள்ள இரண்டு கயிறுகள் பாரின் நடுத்துளை வழியாக வந்து, ஒரு வளையத்தில் முடிந்து, நம் இடுப்பு வார்க்கச்சையின் கொக்கியில் மாட்டப்படுகின்றன. ஓரத்துக் கயிறுகள் இரண்டும் பாரின் இரு முனைகளில். வலக்கை இழுத்தால் பட்டம் வலப்புறம் திரும்பும், இடக்கை இழுத்தால் இடப்புறம். பாரை நம் பக்கம் இழுத்தால் பட்டம் காற்றை நன்றாகப் பிடித்து வலுவாக இழுக்கும். பாரைத் தள்ளினால் பட்டம் சரிந்து காற்றை வழியவிடும்; வலு குறையும். பார் ஒன்றே திருப்பும் கைப்பிடியாகவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாகத் தெரிய வேண்டியது இழுப்பு முழுவதும் இடுப்பில் விழுகிறது என்பது. கைகள் வண்டி ஓட்டியின் கைகளைப் போல வழிகாட்ட மட்டுமே. இதை அக்கா (எனக்குக் கற்றுத்தந்தவரை அப்படித்தான் அழைப்பேன்) முதல் நாளே பத்து முறை சொன்னார். எனக்குப் புரிந்தது ஐந்தாம் நாள்.

அடுத்தது காற்றின் கடிகாரம். காற்று நம் முதுகில் படும்படி நின்றால் நமக்கு முன்னே வானத்தில் ஒரு பாதிக் கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். உச்சந்தலைக்கு மேலே 12 மணி. இடப்புறம் தண்ணீரைத் தொடும் இடம் 9 மணி, வலப்புறம் 3 மணி. பட்டம் 12 மணியில் நின்றால் சாது. ஓரங்களிலும் சாதுதான். ஆனால் நமக்கு நேர் முன்னே, தாழ்வாக, நடுவில் வந்துவிட்டால் அதன் பலத்தைத் தாங்க முடியாது.

இதற்குக் காரணம் நம் அறிவியல் பாடத்தோடு தொடர்புடையது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று 10 நாட்டிலிருந்து 20 நாட் ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. (1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) அதோடு, பட்டம் நிற்காமல் பாய்ந்து ஓடினால் அதற்கு எதிர்ப்படும் காற்றின் வேகம் இன்னும் கூடுகிறது. சைக்கிளில் வேகமாகப் போகும்போது முகத்தில் காற்று அடிப்பது போலத்தான். ஆகவே அசையாமல் நிற்கும் பட்டத்தைவிடப் பாயும் பட்டம் பல மடங்கு இழுக்கும். பலகையில் எழும் வித்தை முழுவதும் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

முதல் மூன்று நாள் பலகையைக் கண்ணால் பார்த்ததோடு சரி. முதல் நாள் கரையில் சின்னப் பட்டம். இரண்டாம் நாள் தண்ணீரில் பலகை இல்லாமல் பட்டத்தால் இழுபட்டுப் போகும் பயிற்சி. வயிற்றின்மேல் சறுக்கிக்கொண்டு, உப்புத்தண்ணீர் மூக்கில் ஏற, கெண்டைமீன் மாதிரிப் போவோம். இது வீண்வேலை என்று முணுமுணுத்தேன். பிறகுதான் தெரிந்தது: விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்று காற்று வரும் திசையில் பின்னால் தங்கிவிடும். அதை எட்டிப் பிடிக்க ஒரு கையை நீருக்குள் நீட்டிச் சுக்கான் போல வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இழுபட்டே ஏறி வரவேண்டும். மூன்றாம் நாள் விழுந்த பட்டத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பும் பயிற்சி. ஓரக் கயிறு ஒன்றை மட்டும் மெல்ல இழுத்துப் பிடித்தால் பட்டம் புரண்டு, காற்றின் ஓரத்துக்கு நகர்ந்து, தானாக எழும். பொறுமை வேண்டும்.

நான்காம் நாள் பலகை வந்தது. நீளம் 135 சென்டிமீட்டர், அகலம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. இரு பாதங்களையும் நுழைக்க இரண்டு வார்கள், அடியில் நான்கு சிறு துடுப்புகள். கற்ற இடம் மணல் திட்டுக்கு உட்புறம், இடுப்பளவு ஆழம், அலை இல்லை. காற்று கரையை ஒட்டிச் சாய்வாக வீசும் இடத்தில்தான் புதியவர் கற்கவேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் ஒருபோதும் இறங்கக் கூடாது; அது மனிதரைத் திருப்பிக் கொண்டுவராது.

இப்போது நீங்கள் வலப்புறம் போக விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று முதுகில் பட, தண்ணீரில் உட்கார வேண்டும். ஆம், உட்காரத்தான் வேண்டும். திண்ணையில் உட்காருவது போல. லைஃப் ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும். பட்டம் 12 மணியில் நிற்கட்டும். ஒரு கையால் பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையை முன்னே கொண்டுவந்து பாதங்களை நுழைக்கவேண்டும். முழங்கால்கள் மார்பை நோக்கி மடங்கியிருக்க, குதிகால்கள் இருக்கைக்கு அருகே இருக்க, பலகை நம் முன்னே குறுக்காக மிதக்கும். சொல்ல எளிது. எனக்கு இந்த இடத்துக்கு வரவே அரைநாள் ஆயிற்று. ஒரு காலை நுழைத்தால் மறுகால் கழலும். இரண்டையும் நுழைத்தால் பட்டம் எங்கோ போயிருக்கும்.

சரியாக உட்கார்ந்த பிறகு, பட்டத்தை முதலில் சற்று இடப்புறம், 11 மணிக்குக் கொண்டுபோகவேண்டும். ஓடித் தாண்டுகிறவன் இரண்டடி பின்வாங்குவது போல. அங்கிருந்து வலக்கையை இழுத்துப் பட்டத்தை 12ஐத் தாண்டி 2 மணி வரை ஒரே பாய்ச்சலாகப் பாயவிடவேண்டும். இழுப்பு இடுப்பில் வரும். அந்த நொடியில் பலகையின் வலது மூக்கைக் காற்று போகும் திசைக்குத் திருப்பி, முன்காலைச் சற்று நீட்டி, பின்காலை மடக்கியே வைத்திருக்கவேண்டும். உடல் தானாகத் தண்ணீரைவிட்டு எழும். எடை முன்காலை நோக்கி வரும். ஓடத் தொடங்கியதும் குதிகாலால் பலகையின் விளிம்பை அழுத்தி, சற்றுப் பின்னே சாய்ந்து, பட்டத்தை ஒன்றரை மணி நிலையில் நிறுத்தவேண்டும். வேகம் குறைந்தால் பட்டத்தை மேலே கொண்டுபோய் மீண்டும் ஒருமுறை பாய்ச்சவேண்டும்.

மேலே எழுதியதில் 'எழுந்து நில்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாம் எழுந்து நிற்பதில்லை. காற்று நம்மைத் தூக்குகிறது. நாம் அது வரும்வரை உட்கார்ந்திருக்கிறோம். நான் செய்த பிழை எல்லாம் எழுந்து நிற்க முயன்றதுதான். காலை விறைத்துத் தண்ணீரை உதைத்தேன்; பலகை தடையாகி நிற்க, பட்டம் இழுக்க, பலகையைத் தாண்டித் தலைகுப்புற விழுந்தேன். அடுத்த முறை பயந்து பட்டத்தைக் கொஞ்சமாகப் பாய்ச்சினேன்; பாதி எழுந்து, பொத்தென்று உட்கார்ந்தேன். பிறகு பாதத்தைப் பார்த்தேன். பாதத்தைப் பார்க்கும்போது பட்டத்தை மறந்துவிடுகிறோம். பின்காலை ஊன்றினேன், பலகை காற்றுக்கு எதிராகத் திரும்பி நின்றுவிட்டது. அன்று மாலை வரை எத்தனை முறை விழுந்தேன் என்று சித்தப்பா எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாராம். புனித இராயப்பர் காற்றைக் கண்டு அஞ்சித் தண்ணீரில் அமிழ்ந்த கதையை நினைத்துக்கொண்டேன். அவருக்காவது படகு பக்கத்தில் இருந்தது, எனக்கும் சித்தப்பாவின் படகு இருந்தது என்று ஆறுதல் அடைந்தேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் காற்று முறுகியது. அலைத்தலைகளில் வெண்ணுரை தெரிந்தது. பட்டத்தைப் பாய்ச்சினேன். இழுப்பு வந்தது, எழுந்தேன்! பலகை ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. உடனே பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் மனிதர் என்ன செய்வார்? கையில் இருப்பதை இறுகப் பிடிப்பார். பாரை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டேன். பாரை இழுத்தால் பட்டம் வலுவாக இழுக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்? வலக்கை அதிகமாக இழுத்துவிட்டது போலும். பட்டம் வானத்தில் வட்டமடித்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வெட்டு இழுப்பு. பலகை கழன்றது. முகம் குப்புறத் தண்ணீரில் இழுபட்டேன். மூச்சு விட முடியவில்லை. கரையில் அக்கா "விடு! விடு!" என்று கத்தியது கேட்டது. நான் விடவில்லை. இன்னும் இறுக்கினேன். கயிறு கையில் இருந்தால் பிழைப்போம் என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். நாங்கள் கடற்கரைப் பிள்ளைகள்; நங்கூரக் கயிற்றை விடாதே, வலைக்கயிற்றை விடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள்.

எப்படி விட்டேன் என்று தெரியாது. அலை ஒன்று முகத்தில் அடித்தபோது கை தளர்ந்திருக்கலாம். பார் கையைவிட்டுப் போன அதே நொடியில் இழுப்பு நின்றது! பட்டம் வலுவிழந்து துணி போல் படபடத்து, ஓரமாகச் சென்று தண்ணீரில் அமர்ந்தது. நான் எழுந்து நின்றேன். தண்ணீர் என் இடுப்பளவுதான் இருந்தது.

படகில் ஏற்றிக்கொண்ட சித்தப்பாவின் முகம் வெளுத்திருந்தது. "அம்மாட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார். அக்கா கோபிக்கவில்லை. மூன்று நிலைகளை மறுபடி என் வாயாலேயே சொல்லவைத்தார். முதலில் பாரை விடு. அதற்கும் பட்டம் அடங்காவிட்டால் இடுப்பு வளையத்தின் மேலுள்ள சிவப்புப் பிடியைத் தள்ளு; பட்டம் ஒற்றைப் பாதுகாப்புக் கயிற்றில் சாய்ந்து தொங்கும், இழுக்காது. அப்போதும் ஆபத்து என்றால் அந்தக் கயிற்றையும் கழற்றிவிட்டு, பட்டம் போனால் போகட்டும் என்று நீந்தி வா. இந்த மூன்றும் முதல் நாளே சொல்லிக்கொடுத்து, கரையில் நிற்கவைத்து இருபது முறை செய்யவும் வைத்திருந்தார்கள். பயம் வந்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

செய்தி எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டது. அப்பாயி செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். "இனி போக வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் உள்ளுக்குள் அதையே விரும்பினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கை நடுக்கம் இரவு வரை நிற்கவில்லை.

அன்றிரவு தாத்தா என்னை அழைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். தாத்தா எஞ்சின் வருவதற்கு முன்னே பாய் விரித்து வள்ளம் ஓட்டியவர். நான் "கயித்த விடக்கூடாதுன்னுதான தாத்தா சொல்லுவீங்க, அதான் விடல" என்றேன்.

தாத்தா சிரித்தார். "அது நங்கூரக் கயிறு, புள்ள. பாய்க்கயிறு வேற. பாயோட கீழ்முனையில ஒரு கயிறு இருக்கும், தாமான்னு சொல்லுவோம். அத எப்பவும் கட்டிப் போடக் கூடாது, கையிலயே வச்சிருக்கணும். காத்து சுள்ளுன்னு ஏறுச்சுன்னா தாமானத் தளத்தி விட்டுடணும். பாய் படபடன்னு அடிக்கும், வள்ளம் நிமுந்துரும். அத இறுக்கிப் பிடிச்சவன் வள்ளந்தான் கவுந்துச்சு."

அக்கா ஆங்கிலச் சொற்களில் ஐந்து நாளாகச் சொல்லிக்கொடுத்ததும் தாத்தா சொன்னதும் ஒன்றுதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. பட்டம் என்பது கம்பம் இல்லாத பாய். பார் என்பது தாமான். அதை மெத்தெனப் பிடிக்கவேண்டும், வேண்டியபோது விட்டுவிடவேண்டும்.

அப்பாயியைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது. தாத்தா என்ன பேசினார் என்று தெரியாது. மூன்றாம் நாள் காலையில் அப்பாயியே என் துண்டை எடுத்து வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அன்று தாத்தாவும் கூடவே வந்து மணல் திட்டில் உட்கார்ந்தார்.

அன்று நான் பலகையைத் தொடும் முன்பே அக்காவிடம் ஒன்று கேட்டேன். பட்டத்தைப் பறக்கவிட்டு, வேண்டுமென்றே பாரை விட்டுப் பார்க்கலாமா என்று. செய்தோம். பாய்ச்சு, விடு; பாய்ச்சு, விடு. ஒவ்வொரு முறையும் பட்டம் அடங்கியது. பத்து முறைக்குப் பின் என் கை தானாக விடக் கற்றுக்கொண்டது. புதிதாகக் கற்போர் பலகைக்குப் போகுமுன் இதைச் செய்யவேண்டும் என்பது என் கருத்து. விடத் தெரிந்த பிறகுதான் எனக்குப் பிடிக்கத் துணிவு வந்தது. பாரை இரண்டு விரல்களால் மட்டும் பிடிக்கச் சொன்னார் அக்கா. இரண்டு விரல்களால் யாரும் எதையும் கட்டி அணைக்க முடியாதல்லவா!

பிறகு தண்ணீரில் உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கினேன். 11 மணி, பிறகு ஒரே பாய்ச்சல். நான் எழவில்லை, சும்மா இருந்தேன். கொல்லையில் துணிக்கொடியை யாரோ மேலே சுண்டியது போல இடுப்பு உயர்ந்தது. கண் கரையில் இருந்தது, பாதத்தில் இல்லை. பலகையின் அடியில் தண்ணீர் சரசரவென்று ஓசையிட்டது. பயம் வந்தது, வந்ததும் விரல்களைச் சற்றுத் தளர்த்தினேன், வேகம் குறைந்தது, ஆனாலும் விழவில்லை. நூறு மீட்டர் இருக்கலாம். சித்தப்பா இருநூறு என்கிறார். அவர் எப்போதும் கூட்டித்தான் சொல்வார். தாத்தா எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்து வீசினார்.

இப்போது வலப்புறமும் இடப்புறமும் எழுந்து ஓட எனக்குத் தெரியும். இடப்புறம் இன்னும் சரியில்லை. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். எழுந்து நிற்பதற்கு அடுத்த பாடம், காற்று வரும் திசைக்குச் சாய்வாக ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. விளிம்பை நன்றாக அழுத்தி, பட்டத்தைத் தாழ்வாக நிறுத்தவேண்டும். அது இன்னும் எனக்கு வரவில்லை. ஆகையால் ஒவ்வொரு முறையும் காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில் கரையேறி, பட்டத்தை ஒரு கையிலும் பலகையை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தே திரும்புகிறேன். பாசி மூட்டையோடு எதிரே வரும் அம்மாவும் மற்ற அத்தைமார்களும் "என்னடி, காத்து ஒருவழி டிக்கெட்டுத்தான் குடுத்துச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.